நாம் பிடித்த முயல்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைக் கண்டு நாம் பல முறை சிரித்திருக்கிறோம். நாமும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்தாம் என்பது சென்ற வருஷம் புரட்டாசியில்தான் விளங்கிற்று. காலை எண்ணுவதில் நாம் தவறவில்லை. தவறியது காது விஷயத்தில்.

நமது வாசம் சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது முதல், இந்தக் கரிசல் பூமி தேசத்துக்கெல்லாம் நெருப்பும் வெளிச்சமும் விற்று வருகிறது. ஆகவே இங்கே எதற்கும் வெடிச் சத்தத்தைக் காரணம் சொல்லிவிடலாம். இரவு தூக்கம் வரவில்லையா? வெடிச் சத்தம். தலையை வலிக்கிறதா? வெடிச் சத்தம்.

நமது எட்டு வயதுக் குமாரத்திக்கு ஒரு முயல் வாங்கிக் கொடுத்திருந்தோம். நிறத்தைக் கருதி அதற்கு வெள்ளையன் என்று பெயர். 1942-ல் அந்தப் பெயரோடு வீட்டில் குடியிருப்பது சற்றுக் கஷ்டமாயிருந்திருக்கும். இப்போது அவனை யாரும் வெளியேறச் சொல்வதில்லையாதலால், சுகமாகவே வாழ்ந்து வந்தான்.

ஒரு நாள் குழந்தை வந்து, "அப்பா, வெள்ளையன் தலையை உதறிக்கொண்டே இருக்கிறான்" என்றாள்.

"எங்கோ வெடி போட்டுப் பார்க்கிறார்கள், அம்மா. அதுதான்" என்றோம்.

மறுநாள், "இடது காதை மட்டுமே சொறிகிறான்" என்றாள். அதற்கும் வெடியையே சொன்னோம். நான்காம் நாள் வெள்ளையன் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்னாமல் திரும்பிக்கொண்டான். இடது காது வாடிய வாழையிலை போல் தொங்கிற்று.

வீட்டில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. அப்பத்தா வேப்பெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடச் சொன்னாள். அடுத்த வீட்டு அண்ணாச்சி, "காதைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்" என்றார். நல்ல வேளையாக இரண்டையும் செய்யாமல், கூடையில் வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனோம்.

"எந்தக் காது? எத்தனை நாளாய்? ஒரு நாளில் எத்தனை தடவை?" என்று கேட்டார் அவர். நாம் விழித்தோம். குழந்தை பையிலிருந்து சிலேட்டை எடுத்து நீட்டினாள். இடது காதுக்குப் பதினேழு கோடுகள். வலது காதுக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அவள் போட்டு வைத்த கணக்கு.

வைத்தியர் விளக்கைக் காட்டினார். காதின் உள்ளே பழுப்பு நிறத்தில் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணிப் பூச்சிகளின் வேலை அது. "இன்னும் தாமதித்திருந்தால் உட்காதுக்குச் சீழ் பரவியிருக்கக் கூடும். முயலின் சீழ் கட்டித் தயிர் போன்றது, தானாக வடியாது" என்றார்.

அன்று அவரிடம் கற்றதை, முயல் வளர்க்கும் நேயர்களுக்காக இங்கே சொல்லி வைக்கிறோம்.

முயலின் காது கேட்பதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. நம்மைப் போல் அதற்கு வியர்த்துக் கொட்டுவதில்லை. காதிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகையால் வெய்யில் வேளையில் காது சற்றுச் சிவந்து சூடாயிருப்பதும், விடியற்காலையில் குளிர்ந்திருப்பதும் இயல்பு. ஒரு காதை முன்னும் மற்றதைப் பின்னும் திருப்புவது இரு திசையிலும் ஒற்றுக் கேட்பதற்காக. முன்னங்கால்களால் காதை இழுத்து நக்குவது நித்திய ஸ்நானம். அந்தரத்தில் துள்ளித் தலையை ஒரு பக்கமும் உடலை மறுபக்கமும் திருப்பினால் அது ஆனந்தக் கூத்து. வெடிச் சத்தத்துக்கு முயல் பயந்தால் பின்னங்காலால் தரையில் 'தொம்' என்று அடிக்கும்; அல்லது அசையாமல் உறைந்து போகும்; அல்லது ஓடி ஒளியும். உட்கார்ந்து ஒரே காதைச் சொறிந்துகொண்டிராது. நமது சித்தாந்தம் இந்த இடத்தில்தான் தவிடுபொடியாயிற்று.

துள்ளாமல் உட்கார்ந்தபடியே தலையை உதறுவது, ஒரே காதைத் திரும்பத் திரும்பச் சொறிவது, நிமிர்ந்திருந்த காது தொங்குவது, தொட்டால் சீறுவது, பொருக்கு, துர்நாற்றம் ஆகியவை நோயின் அடையாளங்கள். பிறவியிலேயே இரு காதும் தொங்கும் ஜாதி முயல்களும் உண்டு. அவற்றின் காதை அடிக்கடி தூக்கிப் பார்ப்பது நலம். தலை சாய்ந்து, சுற்றிச் சுற்றி வந்தாலோ உருண்டு விழுந்தாலோ, கோளாறு உட்காதிலும் இருக்கலாம், மூளையிலும் இருக்கலாம். வைத்தியர்தான் பிரித்தறிய வேண்டும். அரை நாளுக்கு மேல் முயல் தின்னாதிருந்தால், காரணம் எதுவானாலும் ஆபத்து. அதன் குடல் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

பொருக்கைப் பிய்க்கலாகாது, அடியில் இருப்பது ரணம். பூச்சி மடிந்தால் பொருக்கு தானே உதிரும். செவிப்பறை கிழிந்திருக்கக் கூடுமாதலால் எண்ணெய் விடுவதும் தவறு. நாய் உண்ணிக்குப் போடும் பிப்ரோனில் மருந்து முயலுக்கு ஆகவே ஆகாது. வெள்ளையனுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டார். முட்டையிலிருந்து பின்னர் வெளிவரும் பூச்சிகளுக்காக இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போட்டார். அந்தப் பூச்சி முயலை விட்டு விலகியும் சில நாள் உயிர் வாழுமாம். ஆகவே கூண்டிலிருந்த வைக்கோலைக் கொளுத்தி, கூண்டை வெந்நீரால் கழுவி வெய்யிலில் காய வைத்தோம்.

தீபாவளியன்று ஊரே அதிர்ந்தது. வெள்ளையனை உள்ளறையில் வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்தியிருந்தோம். ஒவ்வொரு வெடிக்கும் 'தொம்' என்று ஒரு உதை. இரு காதுகளும் நெட்டுக்கு நெட்டாக நிமிர்ந்திருந்தன. குழந்தை சிலேட்டும் கையுமாக எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இன்று எத்தனை கோடு, அம்மா?" என்று கேட்டோம்.

"ஒன்றுகூட இல்லை, அப்பா. இன்றைக்குத்தான் வெடிச் சத்தம்" என்றாள்.