கப்பல்காரன் காடு

ராஜாக்களின் வம்சத்தைத் தேடுகிறவனுக்கு அதிகச் சிரமம் கிடையாது. கல்லிலே வெட்டி வைத்திருப்பார்கள்; செப்பேட்டிலே எழுதி வைத்திருப்பார்கள்; அதுவும் போதாதென்று புலவர்கள் பாடி வைத்திருப்பார்கள். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியையே எடுத்துக் கொள்ளுங்கள். அவன் விட்ட ஓர் அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மேல் போய்த் தைத்த சமாசாரத்தை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததும் சங்கப் பாடல்களில் இருக்கிறது. இன்றைக்கும் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் சர்க்கார் செலவில் விழாவும் உண்டு.

எனக்கு ஒரு சந்தேகம். அந்த யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் காட்டிலிருந்து சுமந்து கொண்டு வந்தவர்கள் யார்? அவர்களுடைய தகப்பன் பெயர் என்ன, பாட்டன் பெயர் என்ன? புலவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இங்கிலாந்தில் இப்படிக் கேட்டால் ஓரளவு பதில் கிடைக்கும். எட்டாம் ஹென்றி ராஜாவின் மந்திரி தாமஸ் கிராம்வெல் 1538-ல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஊர் மாதா கோயிலிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் புஸ்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று. பாதிரிமார்களில் சோம்பேறிகள் இருந்தார்கள். எலிகளும் கரையான்களும் அங்கேயும் உண்டு. என்றாலும், அந்த ஊரில் ஏர் ஓட்டியவனுடைய பேரனுக்குப் பேரன், பொறுமை இருந்தால், எட்டுப் பத்துத் தலைமுறை வரை பின்னால் போய்விடலாம். அங்கே பலருக்கு இது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. தன் பாட்டனார் மாடு மேய்த்தார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு, அதைப் பெருமையோடு புஸ்தகமாக அச்சடித்து வெளியிடுகிறார்கள். நம் ஊரில் யாராவது செய்வார்களா? நம்மவர்கள் வம்ச விருட்சம் எழுத ஆரம்பித்தால், மூன்றாவது கிளையிலேயே ஒரு திவானோ பாளையக்காரரோ வந்து உட்கார்ந்து கொள்வார்.

நான் கொல்லிமலைக்குப் போனது வம்சம் தேட அல்ல. எங்கள் உறவினர் ஒருவருக்கு அங்கே மாசி பெரியண்ணசாமி குலதெய்வம். சமவெளியில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு மலை மேலே குலதெய்வம் இருப்பது அந்தப் பக்கத்தில் சகஜம். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவிலேயே என் வயிறு குலதெய்வத்தை வேண்டிக் கொள்ள ஆரம்பித்துவிட்டது. மேலே போனபின் அவர்கள் பூஜையை முடித்துக்கொண்டு திரும்பினார்கள். நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டேன். அவர் அந்த மலைக்காரர். என் கதைகளில் சிலவற்றைப் படித்தவர். படித்தும் சாப்பாடு போட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் அல்லது மலையில் வாழ்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்கிறார்கள். பேசுவது தமிழ். வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊர்க்கூட்டங்களெல்லாம் நாடுகள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்தே போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்!

அவர்களுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்களாம். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கு ஒரு மலையாகப் பிரிந்து போனார்களாம். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பதில் மலைக்கு மலை கதை மாறும். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் இந்தக் கதையை விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். 1883-ல் லெஃபானு எழுதிய சேலம் ஜில்லா மானுவல், 1909-ல் வெளியான தர்ஸ்டனின் ஏழு பெரிய புஸ்தகங்கள் எல்லாவற்றிலும் மலையாளிகள் வருகிறார்கள். பழக்கவழக்கம் இருக்கிறது, கல்யாணச் சடங்கு இருக்கிறது. ஆனால் இன்னாருடைய மகன் இன்னார், இந்த வருஷத்தில் இந்தக் காட்டை உழுதார் என்று ஒரு வரி தேடினால் கிடைக்காது. கூட்டத்துக்குச் சரித்திரம் எழுதினார்கள், ஆளுக்கு எழுதவில்லை.

வாத்தியாருக்கு இதைப் பற்றி ஒரு கவலை இருந்தது. வீட்டுக்கு மேற்கே ஒரு சரிவு. மரவள்ளி போடாமல் சாமை விதைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் மலையில் எங்கே பார்த்தாலும் மரவள்ளிதான். கிழங்கு லாரி ஏறிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. சாமை, தினை விதைக்கிறவர்கள் குறைந்து போனார்கள். அதனால் ஏன் இது மட்டும் சாமை என்று கேட்டேன்.

"அது கப்பல்காரன் காடு சார். அதிலே சாமைதான் போடணும்னு பாட்டி உத்தரவு."

அந்தப் பக்கத்தில் காடு என்றால் மரம் அடர்ந்த காடு அல்ல, மானாவாரி நிலம். கடலே கண்ணில் படாத நாலாயிரம் அடி உயரத்தில் கப்பல்காரனுக்கு எப்படி நிலம் வந்தது? வாத்தியார் சொன்னார்: குடும்பத்தில் ஒருவர், பாட்டனாருடைய தம்பி, கங்காணியோடு கப்பல் ஏறிப் போனவர் திரும்பவே இல்லை. அவருடைய பங்குக் காடு அது. மற்றவர்கள் உழுகிறார்கள்; ஆனால் ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு வள்ளம் சாமை அவர் பெயரில் தனியாக அளந்து வைக்கிறார்கள். பட்டாவில் அவர் பெயர் இல்லை. சரிவின் மேல்பாதி வனத்துறைக் கணக்கில் இருக்கிறதாம். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட வேண்டும் என்று வாத்தியார் காகிதம் சேர்த்துக் கொண்டிருந்தார்.

அந்தச் சட்டத்தின் விதிகளை அவர்தான் எனக்குக் காட்டினார். படித்து ஆச்சரியப்பட்டுப் போனேன். அத்தாட்சி என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கார் காகிதம் மட்டுமல்ல. பழைய கிணறு, இடுகாடு, சாமி இருக்கும் இடம், பெரியவர்கள் வாயால் சொல்லி எழுதிக் கொண்டது, வம்சாவளி, இவையும் அத்தாட்சிதான். ஒரு கிழவியின் ஞாபகத்துக்குச் சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது!

வாத்தியார் வம்சாவளி எழுதிப் பார்த்தார். அங்கேதான் முட்டுக்கட்டை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஆகவே வெள்ளையன் மகன் சின்னான். சின்னான் மகன் வெள்ளையன். வெள்ளையன் மகன் சின்னான். படிக்கட்டு மாதிரி இரண்டே பெயர் மாறி மாறிப் போகிறது. எத்தனை படி என்று எண்ணவே முடியாது. "வெள்ளையனுக்குத் தம்பி கப்பல் ஏறினான்" என்றால், எந்த வெள்ளையன்?

பாட்டியைக் கேட்டோம். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வெற்றிலை இடித்துக் கொண்டிருந்தாள்.

"பஞ்சத்திலே போனாரு தம்பி. தாது வருசம். காப்பித் தோட்டத்துக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க. மீசைகூட மொளைக்கலையாம்."

வாத்தியார் உடனே விரல் விட்டுக் கணக்குப் போட்டார். தாது வருஷம் 1936. பாட்டி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னே. சரியாக வருகிறது என்றார். எனக்குச் சரியாக வரவில்லை. 1936-ல் அவருடைய பாட்டனாரின் தம்பி, பிறந்திருந்தால், சின்னக் குழந்தையாக அல்லவா இருந்திருப்பார்! நம்முடைய வருஷங்களும் அந்த வீட்டுப் பெயர்கள் மாதிரிதான். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயரோடு திரும்பி வந்துவிடும். 1936-க்கு முந்திய தாது 1876. தமிழ்நாட்டில் 'தாது வருஷப் பஞ்சம்' என்றால் அதுதான். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியையே வாட்டிய பஞ்சம். சேலம் ஜில்லா மிகவும் அடிபட்டது. அந்தச் சமயத்தில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைக்குப் போனார்கள்.

காப்பியும் அதற்குச் சாட்சி சொல்கிறது. இலங்கையில் முதலில் காப்பித் தோட்டங்கள்தான். 1869-ல் இலை நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. 1936-ல் கங்காணியோடு போயிருந்தால் தேயிலைத் தோட்டம் என்றோ, மலாயா ரப்பர்த் தோட்டம் என்றோ அல்லவா வீட்டில் சொல்லியிருப்பார்கள்? ஏற்காட்டிலும் குடகிலும் காப்பி உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அங்கே போகக் கப்பல் வேண்டாமே!

இத்தனையும் என் ஊகம். பாட்டியிடம் வேறு வழியாகக் கேட்டுப் பார்த்தேன். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது, ஆயா?"

"எங்க மாமியார். சாமையை அளக்கிறவ பொம்பளைதானே? அவதான் தெரிஞ்சு வெச்சுக்கணும்."

"அவங்களுக்கு?"

"அவங்க மாமியார், சேளூர்க்காரி. அந்தச் சேளூர்க்காரிக்கு அவ மாமியார் குண்டூர்க்காரி சொன்னது. குண்டூர்க்காரி கண்ணாலே பாத்தவ. புதுப் பொண்ணா வந்திருந்தா. கொழுந்தன் கெளம்பறப்போ சாமையை வறுத்து மடியிலே கட்டி விட்டாளாம்."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாட்டி தின்னனூரிலிருந்து வந்தவள். அவளுடைய மாமியார் வளப்பூர். அதற்கு முன்னே சேளூர். அதற்கும் முன்னே குண்டூர். நான்கு மருமகள்கள். ஒவ்வொருத்தி வந்ததற்கும் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வைத்துக் கொண்டால் 1876-க்கு நேரே போய் நிற்கிறது. ஆண்கள் பெயரெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்து கிடந்தது. பெண்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவே இல்லை. பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஊர்கள் வேறு வேறாக இருந்ததனால் எண்ண முடிந்தது. கப்பல்காரர் வாத்தியாருடைய பாட்டனாரின் தம்பி அல்ல. அந்தப் பாட்டனாருடைய தகப்பனாருக்குப் பாட்டனாருடைய தம்பி.

அன்றிரவு வாத்தியார் கேட்டார்: "அவரு பேர் எங்கேயாவது எழுதியிருக்குமா சார்?"

தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்குப் போயிருந்தால் இருக்கும். 1860-லிருந்து 1911 வரை அங்கே போன 1,52,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிக் கப்பல் வாரியாக ஜாபிதா இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். மோரீஸில் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இப்படிப்பட்ட பதிவுகளோடு போட்டோக்களும் இருக்கின்றன. முதலாளி பணம் கொடுத்து வாங்கிய சாமான் காணாமல் போய்விடக் கூடாதல்லவா? அதற்காக எழுதியதுதான். பாதிரியார் புஸ்தகத்தில் ஏழையின் பெயர் ஆத்மாவுக்காக ஏறியது. கப்பல் புஸ்தகத்தில் கைக்கும் காலுக்குமாக ஏறியது. எப்படியோ ஏறியது. இன்று நாலாவது, ஐந்தாவது தலைமுறைக்காரர்கள் அந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஊர் ஊராக விசாரித்து வருகிறார்கள். தழும்பு எழுதியவன் இதை நினைத்திருக்க மாட்டான்.

இலங்கைக்குக் காப்பிக் காலத்தில் போனவர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. தோணியில் கடல் தாண்டினார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை, கண்டி என்று நடந்தார்கள். தலைகளை எண்ணினார்கள், பெயர் எழுதவில்லை. பெயர் தெரிந்தவன் கங்காணி ஒருவன். அவன் எழுதி வைத்தது கடன்.

அந்த வடக்கு ரோட்டில் காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்திருக்கிறார்கள். வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். பாட்டியிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பாட்டி என்னை உட்கார வைத்து விசாரித்தாள். பேரன் ஏதோ சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது.

"நூத்தம்பது வருசம் ஆச்சாமே தம்பி?"

"ஆகியிருக்கும் ஆயா."

"அப்ப அவரு இருக்க மாட்டாரு."

"இருக்க மாட்டார்."

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றாள். பிறகு, "அந்த ஊர்லே சாமை வெளையுமா?" என்றாள்.

தோட்டங்களில் அரிசிதான் அளந்தார்கள் என்று சொன்னேன். அந்த அரிசிக்குக் கூலியில் பிடித்துக் கொண்டதை விட்டுவிட்டேன்.

"அரிசியா? தெனமுமா?"

பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் அந்த மலையில் நெல்லுச் சோறு நோன்புக்கும் நாளுக்கும்தான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பொக்கை வாயைத் திறந்து பேரனைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டியாடா? தெனமும் அரிசிச் சோறாம்! அப்புறம் சாமைக் கஞ்சிக்கு எங்கே திரும்பி வருவாரு?"

சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். முறத்தை எடுத்துக்கொண்டு, கப்பல்காரன் காட்டுச் சாமை காய்ந்து கொண்டிருந்த களத்தில் போய்க் கோழியை விரட்ட ஆரம்பித்தாள்.