பட்டை

வண்டிக்கு வாய் இல்லை என்று நினைக்கிறோம். பின்பாரம் அதிகமானால் மாட்டு வண்டியின் நுகத்தடி மேலே கிளம்பும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். பிக்கப் வண்டியானால் பின்புறம் குந்திக்கொள்ளும். முகவிளக்கு நிமிர்ந்து எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். ‘போதும்’ என்று வண்டி சொல்லுகிற முறை அது. அந்த வாயை அடைத்துவிடவும் வழி இருக்கிறது. அதற்கு ஒரு பகல் பொழுதும் இரண்டு ஸ்பிரிங் பட்டையும் போதும்.

என் மைத்துனன் வத்தலக்குண்டில் பிக்கப் ஓட்டுகிறான். தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மலைவாழைத் தாரும் காப்பி மூட்டையும் கீழே இறக்குவது தொழில். தோட்டத்துப் பாதையில் கல் அடிக்கிறதென்று வண்டியை நாலு அங்குலம் தூக்கியிருந்தான். பின் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை. தார் சரியாமலிருக்கச் சுற்றிலும் இரும்புக் கூண்டு. கூரைமேல் சட்டம், தண்ணீர்த் தொட்டி, உபரிச் சக்கரம் இரண்டு. காலியாக நிற்கும்போது பொய்க்கால் கட்டிய ஆட்டக்காரன்போல் கம்பீரமாகத்தான் இருந்தது. பாரம் ஏறியதும் உட்கார்ந்துவிட்டது.

“அத்தான், பின்னால இன்னும் ரெண்டு பட்டை போட்டுட்டா நடைக்கு 400 கிலோ கூட இறக்கலாம். மாசத் தவணை தானா அடைஞ்சுடும்” என்றான்.

வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்னுடையது. ஆகவே பட்டறைக்கு நானும் கூடப் போனேன்.

பட்டறை பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“வெறும் வண்டி எத்தனை கிலோ, தம்பி?”

“ஆர்.சி. புஸ்தகத்துல 1,700 இருக்கு, பாய்.”

“புஸ்தகம் எழுதினப்ப இந்தக் கூண்டு இருந்துச்சா? முதல்ல எடைமேடைக்குப் போயிட்டு வாங்க. முழு வண்டி ஒருக்கா, பின் சக்கரம் மட்டும் ஒருக்கா.”

போனோம். காலி வண்டி 1,940 கிலோ. அனுமதித்த மொத்த எடை 2,990. புத்தகப்படி 1,290 கிலோ ஏற்றலாம், இப்போது 1,050தான். அவன் மாட்டிய அலங்காரமே 240 கிலோவைச் சாப்பிட்டுவிட்டது. அந்த 240-ல் பெரும்பகுதி பின் அச்சின்மேல் உட்கார்ந்திருந்தது.

பாரத்துக்குத் தக்கபடிதான் ஸ்பிரிங் அமுங்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-லேயே எழுதி வைத்துவிட்டார். பட்டையைக் கூட்டினால் அதே பாரத்துக்குக் குறைவாக அமுங்கும். அவ்வளவுதான் விஷயம். அச்சுக்கும் பேரிங்குக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் இந்தச் செய்தி போய்ச் சேராது. பட்டை வண்டியின் கூனை நிமிர்த்துமே தவிர, அதன் பலத்தைக் கூட்டாது. மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று சொன்ன வள்ளுவர், அதை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தது சும்மா அல்ல.

இந்த வண்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மலை ஏறும்போது காலி, இறங்கும்போதுதான் பாரம். விறைத்த பட்டையோடு காலியாகப் போனால் பின் சக்கரம் குதிக்கும், தரையைப் பிடிக்காது. பாரத்தோடு இறங்கினால் கூடுதல் கிலோ ஒவ்வொன்றையும் பிரேக்தான் சூடாக மாற்றி விழுங்க வேண்டும். உயரத்தைக் கூட்டினால் கொண்டை ஊசி வளைவில் சாய்வு கூடும். பட்டைக்கு அடியில் வைத்த கட்டையோ, பிரேக் போடும்போதெல்லாம் நெம்புகோல்போல் பட்டையை முறுக்கும்.

சட்டமும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000.

மைத்துனனுக்கு முகம் சுண்டிவிட்டது. “நீங்க போடாட்டி வேற பட்டறையில போட்டுக்கறேன், பாய்” என்றான்.

“நானே போட்டுத் தரேன். என் பட்டை தாங்கும். அதுல சந்தேகமே வேண்டாம். மூட்டை மேல உட்கார்ந்து வர்றானே ஒரு பையன், அவன் யாரு?”

மைத்துனன் பதில் சொல்லவில்லை. சுமையேற்றும் பையன் வண்டிச் சக்கரத்தின்மேல் காலை வைத்துக்கொண்டு கடலை தின்றுகொண்டிருந்தான்.

பாய் சொன்ன வரிசை இது: முதலில் எடை, அடுத்தது டயர், அப்புறம் பிரேக், அதற்கப்புறம் பட்டை, எல்லாவற்றுக்கும் கடைசியில் உயரம். நம் ஆட்கள் உயரத்திலிருந்து தொடங்குகிறார்கள் என்பது அவருடைய வருத்தம்.

அந்த வரிசைப்படியே செய்தோம். கூரைச் சட்டமும் தொட்டியும் உபரிச் சக்கரத்தில் ஒன்றும் இறங்கின. கூண்டுக்குப் பதில் இலேசான குழாய்ச் சட்டம் வந்தது. தேய்ந்த டயர்களை மாற்றி, பிரேக்கைப் பிரித்து வேலை பார்த்தார்கள். இரும்புக் கட்டையை எடுத்துவிட்டுக் கம்பெனி அளவிலேயே புதுப் பட்டைக்கட்டு போட்டார் பாய். பழைய பட்டையின் வளைவு எப்போதோ செத்துப்போயிருந்ததால், புதுக்கட்டே ஓர் அங்குலம் உயரம் கொடுத்தது. மிச்சத்துக்குப் பாதையில் கிடக்கும் கல்லைப் புரட்டிப் போடுவதுதான் மலிவு என்றார். ஷாக் அப்சார்பரும் புதிது.

மறுபடி எடை போட்டபோது 1,750. மைத்துனன் கேட்டது 400 கிலோ. கழற்றிப் போட்டதிலேயே கிடைத்தது 190. மிச்சத்துக்கு வாரம் ஒரு நடை கூடுதலாகப் போகிறான். தவணை கட்டியாகிறது, கஷ்டப்பட்டுத்தான். பையன் இப்போது முன்னால், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான்.

முழுப் பாரத்தில் வண்டி இன்னமும் பின்னால் கொஞ்சம் அமுங்கத்தான் செய்கிறது. அமுங்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.