சிவப்பு உப்பு சொல்லிக் கொடுத்த பாடம்

தலைப்பைப் பார்த்து ஏதோ சமையல் குறிப்பு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இந்த உப்பு சாம்பாருக்கு ஆகாது, லேபுக்கு மட்டும்தான். பெயர் ரைனெக்கே உப்பு. 1863-ல் இதை விவரித்து எழுதியவரின் பெயரே உப்புக்கும் நிலைத்து விட்டது.

அணைவுச் சேர்மம் பாடத்தில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இது சுலபம். நடுவில் குரோமியம். சுற்றிலும் நான்கு தயோசயனேட். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அம்மோனியா. குரோமியத்துக்குப் பிளஸ் மூன்று, தயோசயனேட்டுகளுக்கு மைனஸ் நான்கு. மிச்சம் மைனஸ் ஒன்று. இந்த ஒற்றை மைனஸ், கோலின் மாதிரி ஒரு பெரிய அயனியைக் கண்டால் போதும், அதைக் கையோடு கூட்டிக்கொண்டு இளஞ்சிவப்பு வீழ்படிவாக அடியில் உட்கார்ந்து விடும். வடிகட்டி, கழுவி, உலர்த்தி, எடை போட்டு 0.3304 ஆல் பெருக்கினால் கோலின் குளோரைடு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இன்-பிளாண்ட் டிரெய்னிங்குக்கு நான் போன இடம் ஒரு கோழித்தீவனக் கம்பெனி. கோலின் இல்லாவிட்டால் குஞ்சுகளுக்குக் கால் கோணும். கோழிகளுக்கு ஈரலில் கொழுப்பு சேரும். அதனால் வருகிற ஒவ்வொரு லோடிலும் 60 சதம் கோலின் குளோரைடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சரக்கை இறக்குவார்கள்.

அன்று கெமிஸ்ட் சார் மீட்டிங்கில் இருந்தார். "தம்பி, நீயே பார்த்திரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை! உப்பு லேசில் கரையவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு. பீக்கரை ஹாட் பிளேட்டில் வைத்துக் கொதிக்க விட்டேன். நன்றாகவே கரைந்தது. சிவப்பில் கொஞ்சம் நீலம் தட்டியது. 'இதுதான் இதன் கலர் போல' என்று விட்டுவிட்டேன்.

100 மில்லிகிராம் சாம்பிளுக்குச் சுமார் 182 மில்லிகிராம் வீழ்படிவு வர வேண்டும். எனக்கு வந்தது 145. டூப்ளிகேட்டில் 146. இரண்டும் எவ்வளவு அழகாக ஒத்துப்போகின்றன! 48 சதம் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். லோடை ரிஜெக்ட் செய்து விட்டார்கள்.

சாயந்திரம் கேட்டருகே லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி, சரக்கு பெயிலாமே? இறக்கினாத்தான் எனக்கு வாடகை. ரெண்டு நாளா இங்கேயே கிடக்கேன்" என்றார். நான் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த நீலம் கண்ணிலேயே நின்றது. எழுந்து புத்தகத்தைப் புரட்டினேன். ரைனெக்கே உப்பின் நீர்க்கரைசல் 65 டிகிரிக்கு மேல் சூடேறினால் வேகமாகச் சிதையும். நீல நிறம் வரும். ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். வயிற்றைக் கலக்கியது. சிதைந்த உப்பு கோலினை முழுசாகப் பிடிக்காது. இரண்டு ரீடிங்கும் ஒத்துப்போனதற்குக் காரணம் என் திறமை இல்லை. இரண்டுக்கும் ஊற்றியது ஒரே கெட்ட கரைசல்!

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. டிரெய்னிங் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடப் போகிறவரும் அதே சார்தான். விடியும் வரை யோசித்தேன்.

காலையில் முதல் வேலையாகப் போய்ச் சொன்னேன். சாருக்கு ரிப்போர்ட்டை விடச் சயனைடு மேல்தான் கோபம். "பியூம் ஹூடு கூட இல்லாமயா கொதிக்க வச்சே? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று ஒரு பிடி பிடித்தார். பிறகு சுத்தமான கோலின் குளோரைடை என் மிச்சக் கரைசலில் போட்டுப் பார்க்கச் சொன்னார். நூறு காட்ட வேண்டியது 81 காட்டியது! வெதுவெதுப்பான நீரில் புதுக் கரைசல் தயாரித்து, வடிகட்டி, மறுபடி சாம்பிளைப் போட்டோம். வீழ்படிவு 182. அதாவது 60.1 சதம்.

லாரி உள்ளே போனது. டிரைவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. போகும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

சார் திட்டி முடித்துக் கடைசியாகச் சொன்னார்: "ரெண்டு ரீடிங் ஒத்துப்போனா உன் கை சுத்தம்னு அர்த்தம். விடை சரின்னு அர்த்தம் இல்லை. அதுக்குத்தான் கூடவே ஒரு ஸ்டாண்டர்டு போடணும்."

நண்பர்களே, நம் பிராக்டிகல் ரெக்கார்டில் ரீடிங்கைப் 'பொருத்தி' எழுதாதவர் யார்? நானும் எழுதியவன்தான். அங்கே போவது இரண்டு மார்க். வெளியே அந்த ரீடிங்குக்குப் பின்னால் ஒரு லாரியும் ஒருவரின் வாடகையும் நிற்கின்றன. இப்போதெல்லாம் பீக்கரில் கலர் கொஞ்சம் மாறினாலும் கை தானாக நின்றுவிடுகிறது. சாப்பாடு ஆறினால் ஆறட்டும்!