பிரிந்த நூல் முனை

ஊசியில் நூல் ஏறவில்லை என்றால் வீட்டில் எல்லோரும் முதலில் மூக்குக்கண்ணாடியைத்தான் தேடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிடுவதால் அதிலும் நியாயம் இருக்கிறது. பழகிய தையற்காரரோ நூலின் முனையைப் பார்ப்பார். தையல் நூல் பெரும்பாலும் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கியது. பல்லால் கடித்து அறுத்தால் முறுக்கு விட்டுப்போய் முனை பிசிறாகிவிடும். ஓர் இழை காதுக்குள் நுழையும், மற்றது வெளியே மடங்கி நிற்கும்.

நூலை நாக்கில் தொட்டு விரலில் உருட்டுகிற பாட்டிமார்களின் வழக்கம் வெறும் பழக்கமல்ல. ஈரம் பிசிறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. பருத்தி நனைந்தால் அதன் வலுவும் சற்றுக் கூடும். கத்தரியால் சாய்வாக வெட்டி, நுனி மட்டும் நகத்தருகே எட்டிப் பார்க்கும்படி நூலைப் பிடித்துக்கொண்டு, ஊசியை அதன்மேல் கொண்டுவந்து இறக்க வேண்டும். கறுப்பு நூல் என்றால் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் இருப்பது நல்லது.

உல்லன் நூலிடம் எச்சில் பலிக்காது. அதற்கு வேறு வழி. நூலை ஊசியின் உடம்பின்மேல் மடித்துப் போட்டு, இரு விரலால் இறுக்கிப் பிடித்து, ஊசியை உருவிவிட வேண்டும். விரலிடுக்கில் மயிரிழை அளவுக்கே தெரிகிற அந்த மடிப்பின்மேல் ஊசிக்காதை வைத்து அழுத்தினால் நூல் தானே ஏறிவிடும். முனை பிரிந்திருந்தாலும் கவலையில்லை, காதுக்குள் போவது மடிப்புதானே!

உள்பாவாடையில் நாடா கோர்க்க ஊக்கு போதும். பாலியெஸ்டர் நாடா என்றால் முனையை மெழுகுவர்த்தியில் காட்டினால் உருகிக் கெட்டிப்படும். பருத்தி கருகிவிடும், அதற்கு முடிச்சுதான்.

நூல் கோர்க்கிற இந்த வேலையின் முழுக் கடினமும் தெரிவது தறியில்தான். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் நீளவாக்கில் ஓடும் பாவின் ஒவ்வோர் இழையும், இழைகளை ஏற்றி இறக்கும் விழுதின் கண்ணில் நுழைந்து, சீப்பு போன்ற அச்சின் பற்களுக்கு இடையே வெளிவர வேண்டும். ஒரு சேலையின் அகலத்துக்கு அப்படி ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொரு பாவுக்கும் அத்தனையையும் புதிதாகக் கோர்ப்பது ஆகிற காரியமல்ல. அதனால் பழைய பாவு தீரும்போது கடைசிப் பகுதியைத் தறியிலேயே விட்டுவைக்கிறார்கள். புதுப் பாவின் இழையைப் பழைய இழையோடு சேர்த்து விரலால் முறுக்குகிறார்கள். இதுதான் பாவு பிணைத்தல். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். பருத்த முடிச்சு போட்டால் அது விழுதுக் கண்ணில் சிக்கும். முறுக்கு மெலிதாகவும் இருக்க வேண்டும், இழுத்தால் விடாமலும் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து பாவை மெல்ல முன்னே இழுத்தால், பழைய இழை புதிய இழையைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு கண்களைக் கடந்துவிடும். ஓர் இழை வரிசை மாறினாலும் சேலையின் நீளத்துக்கு அது கோடாகத் தெரியும்.

மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை இது. கடையில் சேலையை விரிப்பவர் ஜரிகையைச் சொல்வார், கரையைச் சொல்வார். பிணைத்த விரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால் வாங்குகிறவருக்கு விலையின் நியாயம் புரியும். அதிலும் முந்தானைக்கு வேறு நிறம் வருகிற பெட்னிச் சேலை என்றால் பாவின் நிறத்தையே இடையில் மாற்றியாக வேண்டும். இழை இழையாகச் சேர்க்கிற இந்த உழைப்பு அங்கே ஒவ்வொரு சேலைக்கும் உண்டு.