தடை செய்யப்பட்ட படமாம்!

‘அப்படம் பிற நாட்டில் தடை செய்யப்பட்டதாம்’ என்று விடுதிப் பந்தியில் ஒருவர் கூறிய அளவிலே, காணாத படத்திற்கும் ஒரு பெருமை வந்துவிடுகின்றது. ‘தடுத்தவர் யாவர்? எவ்வாண்டில்?’ என நாம் வினவின், ‘எல்லோரும் சொல்லுகின்றனர்’ என்பதே விடை.

ஸ்டான்லி குப்ரிக் இயற்றிய ‘ஏ கிளாக்வொர்க் ஆரஞ்சு’ இங்கிலாந்தில் அரசினரால் தடுக்கப்பட்டது என்பர். உண்மை வேறு. 1971-ஆம் ஆண்டில் தணிக்கையாளர் அதனை வயது வந்தோர்க்கு உரியதென அனுமதித்தனர். சில நகரசபைகள் தத்தம் எல்லைக்குள் விலக்கியதுண்டு. ஆயினும், நாடு முழுவதும் அதனை நிறுத்துவித்தவர் குப்ரிக்கே. அப்படத்தைக் கண்டு இளைஞர் வன்செயல் புரிகின்றனர் என்ற கூக்குரல் எழுந்தது. குடும்பத்தார்க்கு அச்சுறுத்தல்களும் வந்தன என அவர் மனைவியார் பின்னர் உரைத்தார். உரிமையாளர் ஒப்புதலின்றி அதனைக் காட்டிய இலண்டன் ஸ்காலா கொட்டகை 1993-இல் வழக்கில் தோற்றது. அது பதிப்புரிமை வழக்கேயன்றித் தடையாணை பற்றியதன்று. 1999-இல் குப்ரிக் இறந்தார். 2000-இல் படம் அந்நாட்டில் மீண்டும் வெளிவந்தது.

இவ்வதந்தியால் விளையுங் கேடு யாது? செய்யாத கொடுமை அரசின்மேல் ஏறுகின்றது. ஒரு கலைஞர் தம் படைப்பைத் தாமே பூட்டிவைத்த துயரம் மறைந்தொழிகின்றது. மெய்யாகவே தடையுண்ட படங்களும் உள. பொய்ம்மொழி பெருகின், அவற்றின் முறையீட்டையும் உலகம் நம்பாது.

புதுப்பாடம் ஒன்று காணின் ‘எந்த ஏட்டில் உளது?’ எனக் கேட்கப் பயின்றவர் நாம். சினிமாச் செய்திக்கு மட்டும் அக்கேள்வி வேண்டாவோ? ‘தடை’ என்னுஞ் சொல் செவிப்படின், ‘யார் ஆணை?’ என்று முதற்கண் கேட்போமாக.