கேலியின் எடை

காளமேகம் ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் பரிசாரகனாக இருந்தவன் என்பது கர்ண பரம்பரைக் கதை. திருவானைக்காவில் ஒரு தாசியிடம் மனம் போய்ச் சைவனானான், அம்பிகை அருளால் கவி பாடத் தொடங்கினான் என்பார்கள். ஒரு கோயிலிலிருந்து மற்றதற்கு அரைமணி நடை. அந்த நடைக்குள் ஒரு சமையல்காரன் தமிழின் பெரிய வசைகவியாகிவிட்டான். கடவுளையும் ஏசினான். கடவுளுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. நிந்தாஸ்துதி என்ற வகையே அந்தத் தைரியத்தின்மேல்தான் நிற்கிறது.

காளமேகத்திலிருந்து சந்தானத்துக்கு வருவது சிலருக்கு அபசாரமாகப்படலாம். எனக்கு இரண்டும் ஒரே பிரச்னையைச் சார்ந்தவை.

2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா' வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கேபிள் இல்லை. சித்திரை வீதியில் நண்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்போம். உள்ளே அவன் பாட்டி விசிறியோடு பார்த்துக்கொண்டிருப்பார். ஊரறிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வார்கள். தலைப்பில் ஓரிரு எழுத்தை மாற்றுவார்கள். காட்சிகளின் வரிசை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பெரும்பாலும் சந்தானம்தான் நாயகன். சுவாமிநாதன், மனோகர், ஜீவா என்று ஒரு சிறு கூட்டம். மனோகர் உடம்பை ஆட்டிக்கொண்டு வந்து நின்றாலே போதும், துக்கக் காட்சி கரைந்துவிடும். செட் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஏழ்மையே ஒரு விமர்சனமாக இருந்தது: கோடிகளைக் கழித்துவிட்டால் இந்தக் காட்சியில் மிஞ்சுவது என்ன?

சினிமா விமர்சனம் பற்றி நான் பின்னால் ஆங்கிலத்தில் கொஞ்சம் படித்தேன். கதாநாயகன் ஏன் மெதுவாக நடக்கிறான், வில்லன் ஏன் அவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறான் என்ற கேள்விகளை எனக்கு முதலில் கற்பித்தது அந்தத் திண்ணைதான். தமிழ் சினிமாவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதாத விமர்சனத்தை ஒரு டெலிவிஷன் கோஷ்டி செய்துகாட்டிற்று. பாட்டிக்கும் அது புரிந்தது என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

சந்தானத்தின் பின்கதை தெரிந்ததே. 2004-இல் சிலம்பரசனின் 'மன்மதன்' மூலம் சினிமாவில் கவனம் பெற்றார். எம். ராஜேஷ் இயக்கிய 'சிவா மனசுல சக்தி' (2009), 'பாஸ் என்கிற பாஸ்கரன்' (2010), 'ஒரு கல் ஒரு கண்ணாடி' (2012) ஆகியவற்றில் நாயகனின் நண்பன். இங்கே ஒரு மாற்றம் நேர்ந்தது. கவுண்டமணி செந்திலை ஏசினால் அது மேலிருந்து கீழே இறங்கும் வசை. லொள்ளு சபாவின் வசை கீழிருந்து மேலே, திரையை நோக்கி ஏறியது. நண்பன் வேடத்தில் சந்தானம் நாயகனைக் கேலி செய்தார் என்பது உண்மை. ஆனால் அது உரிமம் வாங்கிய கேலி. கடைசிக் காட்சியில் நாயகன் ஜெயிக்க அவரே உதவ வேண்டும். மிச்சமிருந்த கூர்மை, பக்கத்தில் நிற்கும் துணைநடிகரின் நிறத்தின்மீதும் பருமன்மீதும், பெண்கள்மீதும் விழுந்தது. அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் சொந்தக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

அதே நண்பன் கவிதை எழுதினான். முப்பது கவிதைகள், முந்நூறு பிரதிகள், கைக்காசு. அப்போது நான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருஷம். விமர்சகன் என்று ஏழெட்டுப் பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு டியூடோரியல் மாடியில் புத்தகத்துக்குக் கூட்டம். கட்டுரைக்குப் பதிலாக அவன் கவிதைகளைப் போலவே நான்கு எழுதிக்கொண்டு போனேன். தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தேன். அவனுக்குப் பிடித்த காவேரி, அவனுக்குப் பிடித்த மழை, அவன் வரியை முறிக்கும் இடம், எல்லாம் இருந்தன. மாடி அதிர்ந்தது. அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை.

போலிகளைக் களைவது விமர்சனத்தின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் போலி அல்ல. கொஞ்சம் பலவீனமான கவி, அவ்வளவுதான்.

பிறகு சந்தானம் நாயகனானார். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' (2014). ராம்பாலாவே இயக்கிய 'தில்லுக்கு துட்டு' (2016). மெதுவாக நடப்பதைக் கிண்டல் செய்தவரும் மெதுவாக நடந்தார். துரோகம் என்று அப்போது சொல்லியிருப்பேன். இன்று அதில் ஒரு நியாயம் தெரிகிறது. கேலி செய்தவன் ஒருமுறையாவது கேலிக்கு இலக்காகும் இடத்தில் வந்து நிற்க வேண்டும். நான் நின்றதில்லை. என் பெயரில் ஒரு கவிதைகூடக் கிடையாது.

2025 மே மாதம் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' பார்த்தேன். அதில் சந்தானம் சினிமா விமர்சகர். படங்களைக் கிழித்துப் பேசிப் பிழைப்பவர். விமர்சகர்களைப் பழிவாங்கும் இயக்குநர் பேயாகச் செல்வராகவன். பேய், விமர்சகனைக் குடும்பத்தோடு ஒரு படத்துக்குள்ளேயே மாட்டிவிடுகிறது. இனி அவன் அந்தக் கதைக்குள் உயிர்பிழைக்க வேண்டும். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருச்சியில் பாதி காலியாகக் கிடந்த தியேட்டரில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷங்களுக்கு முன்னால் படங்களுக்கு வெளியே நின்று சிரித்த அதே முகம், உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து நண்பன் நகைக்கடன் புதுப்பிக்க எங்கள் கிளைக்கு வந்தான். அவன் மனைவியின் இரட்டைவடச் சங்கிலி. மதிப்பீட்டாளர் தராசில் வைத்தார். முள் இல்லாத தராசு, எண் மட்டும் ஓடி நிற்கும். காத்திருந்த நேரத்தில் நானே பேச்சை எடுத்தேன்.

"கவிதையெல்லாம்...?"

"என்னோடது ஒண்ணுகூட ஞாபகமில்லடா. நீ எழுதினியே நாலு, அது அப்படியே ஞாபகமிருக்கு" என்று முதல் நான்கு வரிகளைச் சொன்னான். தப்பில்லாமல் சொன்னான்.

லொள்ளு சபா எடுத்துக்கொண்ட படங்கள் கேலிக்குப் பிறகும் இருந்தன. மறுநாள் அதே டெலிவிஷனில் அந்தப் படத்தையே போட்டால் பாட்டி உட்கார்ந்து அழுதிருப்பார். காளமேகம் ஏசிய கடவுளுக்கு இன்றும் உச்சிக்கால பூஜை நடக்கிறது. தாங்கும் பலம் உள்ளதன்மேல் விழும்போது கேலி விமர்சனமாகிறது. முந்நூறு பிரதிகள்மேல் விழுந்தால், மூலம் போய் கேலி மட்டும் மிஞ்சுகிறது. நான் எழுதியவற்றில் ஒருவருக்கு மனப்பாடமாக இருப்பது அந்த நான்கு மட்டுமே.

அவன் புத்தகத்தின் ஒரு பிரதி என் அலமாரியில் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக எடுத்துப் படித்தேன். பதினேழாம் பக்கத்துக் கவிதை நன்றாக இருக்கிறது. அன்று மாடியில் நான் அதைத் தொடவில்லை. கேலி செய்ய வராது என்று அப்போதே தெரிந்துதான் விட்டிருக்கிறேன்.