உப்பளத்துக் கொசுவும் ஒரு பழைய கட்டுரையும்

புதுச்சேரி உப்பளத்தில் இருட்டிய பிறகு ஜன்னலைத் திறந்து வைக்கிறவர்கள் குறைவு. இந்திரா காந்தி விளையாட்டரங்கப் பக்கம் நடந்துவிட்டு வருகிறவர்கள்கூட, வாசலில் நின்று பேசுவதைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். இந்தப் பகுதியில் சின்னதாக கிளினிக் நடத்தும் டாக்டர் ஒருவர், குடியிருப்போர் கூட்டத்தில் கொசுவைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார்.

"டெங்கு பத்தி எல்லாரும் பேசிடுறாங்க சார். யானைக்காலுக்கு நம்ம ஊர்ல எண்பதுகள்லயே பெரிய வேலை நடந்திருக்கு. அந்த ஆராய்ச்சிக் கட்டுரைங்க கிடைச்சா அதை வச்சே பேசிடுவேன். எனக்குத்தான் எந்தக் காலேஜ் லாகினும் கிடையாதே" என்றார்.

மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: 'பாண்டிச்சேரி, ஃபைலேரியா, கொசு ஒழிப்பு, 1989? திட்டம் முடிந்த பிறகு என்ன ஆயிற்று?' மருத்துவ நூலகங்கள் ஒரு கட்டுரையை எப்படித் தேடிப் பிடிக்கின்றன என்று பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னது நம் ஊர்க்காரர்கள் பலருக்கு மறந்துபோன சங்கதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோய்பரப்பிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆராயும் தன் மையத்தை 1975இல் இங்கே தொடங்கியது. யானைக்கால் புழுவை இந்த ஊரில் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும்தான் பெருகும். மருந்தடிப்பதை மட்டும் நம்பியிராமல் கொசு முட்டையிடும் இடங்களையே குறைக்கும் ஒருங்கிணைந்த திட்டம் ஒன்றை, பி.கே. ராஜகோபாலன் தலைமையில் இருந்த அந்த மையம் 1981 முதல் ஐந்தாண்டுகள் பாண்டிச்சேரி நகரில் நடத்திக் காட்டியது. நம் தெரு வாய்க்கால்களே அதற்குச் சோதனைக்களம். அதன் முடிவுகள் உலக அளவிலான ஆய்விதழ்களில் வெளிவந்தன.

புத்தகம் தேடுகிறவர்களுக்குப் புதுச்சேரியில் குறைவில்லை. 1827இல் தொடங்கிய பொது நூலகம் இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இருக்கிறது. ஆனால் மருத்துவ ஆய்விதழ்களுக்கு மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசுக் கல்லூரி, போதாததற்குப் பல தனியார் கல்லூரிகள் என்று ஊரின் அளவுக்கு மீறியே கல்லூரிகள் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் முன்கூட்டியே பேசி வைத்திருந்த தனியார் கல்லூரி ஒன்றுக்குப் போனேன்.

வாசலில் செக்யூரிட்டி நோட்டில் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்பதெல்லாம் எழுத வேண்டியிருந்தது. நூலகக் கதவருகே பையை வைத்துவிட்டு உள்ளே போனால் நல்ல ஏசி, நிறைய மேசைகள். மேசைகளில் இருந்த பிஜி மாணவர்கள் பெரும்பாலும் சொந்த லேப்டாப்பில் மூழ்கியிருந்தார்கள். அச்சு ஜர்னல் அடுக்கின் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை.

நூலகர் அம்மாள் சீட்டை இரண்டு தடவை படித்தார். கணினியைத் தொடுவதற்கு முன் கேள்விகள் வந்தன. கட்டுரை யாருக்கு? பேசுவதற்கா, ஆராய்ச்சிக்கா? குறிப்பிட்ட கட்டுரைதான் வேண்டுமா, அந்த விஷயத்தில் வந்த எல்லாமும் வேண்டுமா? எப்போதைக்குள்? "பாதி பேர் கேக்குறது ஒண்ணு, அவங்களுக்கு வேண்டியது வேறொண்ணு சார். அதை முதல்ல பிரிச்சுட்டா அரை வேலை முடிஞ்சிடும்" என்றார்.

அவர் திறந்தது பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1997இல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்ட தேடுதளம் அது. இன்று 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. 1879இல் 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்று அச்சில் தொடங்கிய அட்டவணையின் வாரிசு இது. அந்தத் தடித்தடி அச்சுத் தொகுதிகள் 2004 கடைசியோடு நின்றுவிட்டன. பப்மெட்டில் கிடைப்பது தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம் ஆகியவைதான். முழுக் கட்டுரை வேறு எங்கோ இருக்கும். இது தெரியாமல், பப்மெட்டில் பார்த்ததையே கட்டுரையைப் படித்ததாக நினைத்துக்கொள்கிறவர்கள் மருத்துவர்களிலும் உண்டு என்றார்.

முதலில் ஊர்ப் பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் போட்டுக் காட்டினார். புதுச்சேரி என்று தேடினால் பெரும்பாலும் பிற்காலக் கட்டுரைகள்தான் வருகின்றன. அதிகாரபூர்வப் பெயர் மாறியது 2006இல். அதற்கு முந்தையவை பாண்டிச்சேரி என்ற பெயரில்தான் கிடக்கின்றன. இரண்டு பெயர்களுக்கும் நடுவே 'அல்லது' போட்டார். அடுத்து நோயின் பெயர். கட்டுரை ஆசிரியர்கள் ஃபைலேரியா என்பார்கள், யானைக்கால் என்பார்கள், புழுவின் லத்தீன் பெயரைச் சொல்வார்கள். யார் எப்படி எழுதியிருந்தாலும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவர அந்த அமெரிக்க நூலகம் 'மெஷ்' என்ற பொருள்தலைப்புப் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் உள்ள சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் குப்பை குறைந்தது. கடைசியாக, அரைகுறைக் குறிப்பை வைத்துக் கட்டுரையை அடையாளம் காண்பதற்கென்றே உள்ள 'சிங்கிள் சைட்டேஷன் மேட்சர்' பக்கத்தில் ஆண்டையும் ராஜகோபாலன் பெயரையும் தட்டினார்.

கிடைத்துவிட்டது. பாண்டிச்சேரி யானைக்கால் நோய் பற்றி இரண்டு பகுதிகளாக வந்த கட்டுரை. 'எபிடெமியாலஜி அண்ட் இன்ஃபெக்‌ஷன்' என்ற ஆங்கிலேய இதழ், 103ஆம் தொகுதி, 1989. முதல் பகுதி கொசு ஒழிப்புக்கு முந்தைய நிலவரம், இரண்டாம் பகுதி அதன் பலன். டாக்டர் கேள்விக்குறி போட்டு எழுதிய ஆண்டு சரிதான்.

பக்கத்திலேயே இலவச முழுக் கட்டுரைக்கான குறி இருந்தது. பப்மெட் சென்ட்ரல் என்று 2000இல் தொடங்கிய இலவசக் களஞ்சியத்தில், இந்த இதழின் பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். அழுத்தியதும், கொஞ்சம் சாய்வாக ஸ்கேன் ஆன அச்சுப் பக்கங்கள் வந்தன. லாகின் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. டாக்டர் தன் கிளினிக்கில் உட்கார்ந்தபடியே போனில் எடுத்திருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது, என்ன சொல் போட்டுத் தேடுவது என்பதும் தெரியாது. நூலகர் கொடுத்தது அந்த இரண்டைத்தான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில், வாசகரின் நேரத்தைக் காப்பாற்றுவதும் ஒன்று. அது கண்முன்னே நடந்தது.

இதற்கிடையில் ஒரு மாணவர் வந்து நின்றார். தீசிஸுக்குச் சேர்த்த ரெஃபரன்ஸ்களில் சிலவற்றுக்கு ஃபுல் டெக்ஸ்ட் வரவில்லை என்றார். நூலகர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றின் பப்மெட் எண், சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரையைக் காட்டியது. இன்னொன்றில் இதழ் உண்மை, ஆசிரியர் உண்மை, அந்தத் தலைப்பில் கட்டுரைதான் இல்லை. "சாட்பாட் கிட்ட கேட்டியாப்பா?" என்றார். பையன் சிரித்துச் சமாளித்தான். இல்லாத கட்டுரையைத் தேடித் தரச் சொல்லி வருகிறவர்கள் இப்போது அதிகமாம். எண்ணையும் தலைப்பையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் தீசிஸில் சேர்க்காதே என்று சொல்லி அனுப்பினார்.

உண்மையான கட்டுரைக்கே பணம் கேட்டால்? அதற்கும் அவரிடம் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கல்லூரி சந்தா கட்டிய இதழா என்று பார்ப்பார். இல்லையென்றால், ஆசிரியர்களே சட்டப்படி வெளியில் வைத்திருக்கும் பிரதி உண்டா என்று காட்டும் 'அன்பேவால்' என்ற இலவசக் கருவியில் தேடுவார். அதிலும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல். தன் கட்டுரையை ஒருவர் கேட்டு எழுதினால் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் மகிழ்ந்துபோய் அனுப்பிவிடுவார்களாம். அதற்கும் பிறகு நூலகங்களுக்கு இடையிலான பரிமாற்றம். 1988இல் டெல்லியில் உருவான டெல்நெட் மூலம் ஒரு நூலகம் இன்னொன்றிடம் கேட்டு வாங்கலாம். டெல்லி அன்சாரி நகரில் உள்ள தேசிய மருத்துவ நூலகமும் கட்டுரைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கிறது. மாணவர்கள் இத்தனை படிகள் ஏறுவதில்லை. சை-ஹப் என்ற கள்ளத் தளத்துக்குப் போய்ப் பழகியிருந்தார்கள். பதிப்பகங்கள் 2020இல் தொடுத்த வழக்கில், அந்தத் தளத்தை முடக்கும்படி 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு தன் மேசைக்கு வரும் கூட்டம் கூடியிருக்கிறது என்றார்.

சீட்டில் இரண்டாவது கேள்வி பாக்கி இருந்தது. திட்டம் முடிந்த பிறகு என்ன ஆயிற்று? அதைப் பற்றி 1997இல் ஒரு கட்டுரை வந்திருப்பதை பப்மெட் காட்டியது, இந்திய இதழ் ஒன்றில். தலைப்பு இருந்தது. முழுக் கட்டுரைக்குப் போகும் வழி எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

"இதுதான் கஷ்டம்" என்று எழுந்தார் நூலகர். அடுக்குகளுக்கு இடையே என்னையும் அழைத்துப் போனார். காலிகோ துணி ஒட்டி பைண்ட் செய்த பழைய தொகுதிகள், முதுகில் இதழின் பெயரும் ஆண்டும் மங்கிய பொன்னெழுத்தில். அந்த இதழின் வரிசையை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். எங்களுக்கு வேண்டிய ஆண்டுக்கு முன்பே வரிசை அறுந்து, அடுத்து வேறொரு இதழ் தொடங்கியிருந்தது. எப்போதோ சந்தா நின்றிருக்கிறது.

"வெளிநாட்டு ஜர்னல்னா பப்ளிஷர் எங்கயாவது வச்சிருப்பான், என்ன, காசு கேப்பான். நம்ம ஜர்னல் பழசுன்னா, யார்கிட்ட இருக்குன்னு தேடுறதே ஒரு வேலை" என்றார்.

அங்கே போய்வந்ததில் எனக்குப் புதிதாகப் பட்டது அவர் சொன்ன இதுதான். கட்டுரை கிடைக்கவில்லை என்றதும் விலையைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் பயன்பெறுகின்றன. பெரிய காரியம்தான். ஆனால் நான் நின்றிருந்த தனியார் கல்லூரிக்கு அதில் இடமில்லை. எந்த நிறுவனத்தையும் சேராத உப்பளத்து டாக்டருக்கும் இல்லை. நம் ஊர்க் கொசுவைப் பற்றி உள்ளூரில் ஆராய்ந்து இந்திய இதழில் வெளியிட்ட கட்டுரைக்கு, யாரும் எந்த விலையும் கேட்கவில்லை. சந்தா கட்டித் திறக்க அதற்கு ஒரு பூட்டே இல்லை. அது ஏதோ ஓர் அடுக்கில் தூசி படிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

நூலகர் ஒரு விண்ணப்பத் தாள் கொடுத்தார். இதழின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கங்கள், தனிப்பட்ட படிப்புக்கு மட்டும் என்று ஒரு கையெழுத்து. ஆராய்ச்சிக்காகவும் சொந்தப் படிப்புக்காகவும் நியாயமான அளவில் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. வேறு ஊர் நூலகர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவர் அந்த விவரத்தைப் போட்டார். ஓர் ஊரில் அந்தத் தொகுதி இருந்திருக்கிறது. யாரோ போனிலேயே படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். பழைய உள்ளூர்க் கட்டுரைக்கு இன்னொரு குறுக்குவழியும் சொன்னார்: ஆய்வு நடந்த நிறுவனத்தின் நூலகத்துக்கே எழுதிக் கேட்பது. தங்கள் விஞ்ஞானிகள் எழுதியதை அவர்கள் எடுத்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கிளம்பும்போது, வெளியாள் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்து படிக்கலாமா என்று கேட்டேன். இதழ்ச் சந்தா ஒப்பந்தங்கள் பலவற்றில் நூலகத்துக்கு நேரில் வருகிறவரும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது என்றார். வீட்டுக்கு லாகின் தர முடியாது, ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். "பப்ளிஷர் தடுக்கல சார். கேட்லதான் நிக்கணும்" என்றார். நான் உள்ளே வந்ததும் தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசில்தானே.

டாக்டரிடம் இரண்டு கட்டுரைகளையும் சேர்த்தாயிற்று. அவை என்ன சொல்கின்றன என்பதை அவர் கூட்டத்தில் சொல்லட்டும். எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. புதுச்சேரியில் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் வெளியே எத்தனையோ டாக்டர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், மருந்தாளுநர்கள், பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள். பொது நூலகத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஒரு மேசை, ஓர் இணைய இணைப்பு, தேடத் தெரிந்த ஒரு மருத்துவ நூலகர் இருந்தால் அவர்களில் பெரும்பாலோரின் தேவை தீர்ந்துவிடும். பழைய இந்திய மருத்துவ இதழ்களை ஒரே முறை முழுமையாக ஸ்கேன் செய்து இலவசமாக ஏற்றிவிட்டால், ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டிய செலவும் அதில் கிடையாது. 6,000 கோடியை ஒதுக்க முடிந்த அரசு அந்த வேலையையும் கையில் எடுக்கலாம். நம் ஊர்க் கொசுவைப் பற்றி நம் வரிப்பணத்தில் கண்டுபிடித்ததைப் படிக்க, வாட்ஸ்அப்பில் யாராவது கருணை காட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.